ஒன்றாம் நம்பர் இரண்டு பேர்

நோன்புப் பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. எகிப்தின் தன்தா நகரில் நவாலின் அடுமனைக்கு மடிக்கணினியோடு வந்த வஜ்தி, "இதெல்லாம் ஒரே வரி வேலை, அக்கா" என்றான். நவால் அவன் மனைவியின் சிநேகிதி. அதனால் வேலை இலவசம். இலவசம் என்பதால் அலட்டல் கொஞ்சம் கூடுதல்.

நவாலுக்கு இரண்டு கடைகள், பாலத்தடியில் ஒன்று, ரயிலடியில் ஒன்று. பெருநாள் கஹ்க் பிஸ்கட்டுக்கு வந்த ஆர்டர்களை இரண்டும் தனித்தனியே பதிந்திருந்தன. ஒரே பட்டியலாக அடுப்படிக்குப் போக வேண்டும்.

வஜ்தி பைதானில் இரண்டு அகராதிகள் செய்தான். ஆர்டர் எண்ணைச் சொன்னால் ஆளையும் அளவையும் எடுத்துத் தரும் ஏற்பாடு அது. பாலத்தடி அகராதிக்குள் ரயிலடி அகராதியைச் சேர்த்து, பாலத்தடிக் கடையின் பழைய கோப்பின் மேலேயே சேமித்து, அச்சிட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை நவால் போனில் கத்தினாள். "எஞ்சினியரே! பாலத்தடிக்காரங்க ஒருத்தர் பேரும் லிஸ்ட்ல இல்ல. நோன்பும் அதுவுமா நூத்திநாப்பது பேரை முழுங்கிட்டியே!"

வஜ்தி மடிக்கணினியைத் திறந்து பார்த்தான். இரண்டு கடையிலும் ஆர்டர் எண் ஒன்றிலிருந்துதான் தொடங்கியிருந்தது. ஒரே எண் இரண்டிலும் இருந்தால் பின்னால் வருவது முன்னதன் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். போன வாரம்தான் அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குப் பலகையில் படம் போட்டு இதை விளக்கியிருந்தான். 'இதைப் பார்க்காதவன் வேறு வேலை தேடலாம்' என்றும் சொல்லியிருந்தான். அவனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது.

பாலத்தடிக் கடை வாசலில் நின்று, எண் மட்டும் எழுதிய சீட்டோடு வந்த ஒவ்வொருவரிடமும், "மன்னிக்கணும், எவ்வளவு சொல்லியிருந்தீங்க?" என்று கேட்டு எழுதினான். இந்த முறை எண்ணுக்கு முன்னால் கடைப் பெயரும் சேர்ந்தது.

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் யோசித்தார். "மூணு கிலோ. நாலுன்னு சொல்லத்தான் ஆசை. நோன்பு வச்சிருக்கேனே!"

அவருக்குப் பின்னால் வஜ்தியின் மாமியார் ஃபவ்ஸியா.

"எட்டு கிலோ, மாப்ளே."

"அஞ்சுன்னுதானே உங்க மக சொன்னா?"

"அப்படியா? உன் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வஜ்தி எட்டு என்று எழுதினான்.

அடுப்புகள் மறுநாள் பிற்பகல்வரை ஓயவில்லை. பிறை தெரியுமுன் நூற்று நாற்பதும் போய்ச் சேர்ந்தன. கடைசி எட்டு கிலோவைத் தோளில் சுமந்துகொண்டு, மாமியாருக்குப் பின்னால் நான்கு மாடி ஏறினான் வஜ்தி.