எட்டுச் சரக்கு

1934 ஆகஸ்டு 11ஆம் தேதி குற்றாலத்தில், சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்துரை ஒருவரின் பங்களாச் சாமான்கள் ஏலத்தில் போயின. அவற்றில் ஆறடி நீளமுள்ள கண்ணாடி மீன்தொட்டி ஒன்றும் இருந்தது.

அதை எடுத்தவர் தென்காசி வல்லிநாயகம் பிள்ளை. வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்து முன்கூடத்தில் இறக்கித் தண்ணீர் விட்ட பிறகுதான், இரும்புச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சந்தை அடைத்திருந்த மக்கு வறண்டு பொரிந்துபோயிருந்தது தெரிந்தது. நாலு மூலையிலும் ஒழுகியது. செங்கோட்டையிலிருந்து ஒருவன் வந்து புது மக்கு வைத்தான். சாரல் காற்றில் அது காயவேயில்லை. தண்ணீர் பட்டதும் சேறாக வழிந்தது.

அப்புறம்தான் தாணுமாலய ஆசாரிக்கு ஆள் வந்தது.

தாணுமாலயனுக்குத் தொழில் கோவில்களுக்கு அஷ்டபந்தனம் இடிப்பது. எட்டுச் சரக்கைச் சேர்த்து இடித்து, சிலையைப் பீடத்தோடு அசையாமல் பிடித்து நிறுத்தும் மருந்து அது. பிள்ளை தர்மகர்த்தாவாக இருந்த அம்மன் கோவிலுக்கு வருகிற தையில் கும்பாபிஷேகம். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அங்கே மருந்து கூட்டியவர் அவருடைய தமையன். தாணுமாலயன் கூட நின்று இடித்ததோடு சரி. தமையன் போய்ச் சேர்ந்துவிட்டார். தாணுமாலயனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. இதை விட்டால் அடுத்த கும்பாபிஷேகத்துக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம்.

"என்னவே ஆசாரி, அம்மனையே அசையாம நிறுத்துத ஆளு, இந்தக் கண்ணாடியைப் பிடிச்சு நிறுத்த மாட்டீரா?" என்றார் பிள்ளை.

"நிறுத்திரலாம் அண்ணாச்சி."

"சொட்டு ஒழுகப்படாது. ஒழுகலைன்னா தை மாசத்து வேலை உமக்குத்தான். ஒழுகிச்சு, அப்புறம் அம்மனும் ஆடிப்போவாளோன்னு எனக்குப் பயம் வந்துரும், பாத்துக்கிடும்."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாணுமாலயனும் சிரித்து வைத்தார்.

வீட்டில் அரக்கையும் குங்கிலியத்தையும் தேன்மெழுகையும் எடுத்து வைத்தபோது மனைவி குழல்வாய்மொழி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடைசியாக அவர் சிவப்புச் சாதிலிங்கப் பொட்டலத்தை எடுத்தார்.

"அது எதுக்கு எடுக்குதிய? மீனுக்குத்தானே?"

"எட்டுச் சரக்குன்னா எட்டு."

"பாதரசக் கல்லுல்லா அது. அதை இடிச்ச கையைக் கழுவாம சோத்துல வைக்க உங்க அண்ணன் விடமாட்டாவல்லா? அந்த மீனு ராவும் பகலும் அதுக்குள்ளதானே கெடக்கணும்."

"ஏட்டி, ஏழு சரக்கை வச்சு ஒட்டி நாளைக்கு ஒழுகிச்சுன்னா? சரக்குல ஒண்ணை அமுக்கிட்டாம்பாரு பிள்ளை. எட்டுல ஒண்ணு குறைஞ்சா அது பந்தனமில்ல, களி."

"மீனு செத்தா?"

"என்கிட்ட கேட்டது ஒழுகப்படாதுன்னு. மீனைப் பத்தி யாரு பேசினா?"

அவள் எழுந்து உள்ளே போனாள்.

எருமை வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மருந்து விரலுக்கு இளகும்வரை இடித்தார். பழைய மக்கைச் சீவி, சட்டத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் துடைத்தார். மருந்தைத் திரியாகத் திரித்து அனல் காட்டி, கண்ணாடி ஓரமெங்கும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். தொட்டியைச் சுற்றிக் குங்குமக் கோடு போலிருந்தது. அது இறுகியபின் கழுத்தளவு தண்ணீர் விட்டார்கள். உலர்ந்த துண்டால் ஒவ்வொரு மூலையையும் ஒற்றிப் பார்த்தார். ஈரமில்லை.

"தையில பாப்போம்வே" என்று பிள்ளை வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

கொல்லத்திலிருந்து ரயிலில் பித்தளைக் குடத்தில் தங்கமீன்கள் வந்தன. தெருவே வந்து பார்த்தது. மறுநாள் விடிந்தபோது அவை அத்தனையும் வயிறு மேலாக மிதந்தன. தண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப்படலம் படிந்திருந்தது. தண்ணீரை மாற்றி, சிற்றாற்றுக் கெண்டைகளைப் பிடித்து விட்டார்கள். அவையும் தங்கவில்லை. சாதிலிங்கமா, வெண்ணெயா, ரயிலில் வந்த களைப்பா, எது கொன்றது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

தாணுமாலயன் பிள்ளை வீட்டுக்குப் போனபோது தொட்டி காலியாக இருந்தது. பிள்ளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ஒழுகலையே அண்ணாச்சி."

"ஒழுகலைவே. ஒழுகிச்சுன்னு யாரு சொன்னா?"

"அப்போ தை மாசம்..."

"உயிரைக் குடிச்ச மருந்தை அம்மன் காலடியில வைக்கச் சொல்லுதீரா? நாளைக்கு ஊர்ல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்னைத்தான் கேப்பான்."

"அதே எட்டுச் சரக்குதான் அண்ணாச்சி. அங்கன எங்க அண்ணன் வச்சதும் இதேதான்."

"அதை இனிமே வெளிய சொல்லாதேயும்" என்றார் பிள்ளை.

வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். குழல்வாய்மொழி அவர் முகத்தைப் பார்த்தாள். 'அன்னைக்கே சொன்னேன்லா' என்பாள், பதிலுக்குக் கத்தலாம் என்று காத்திருந்தார். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையை நீட்டச் சொன்னாள். நகக்கண்ணில் இன்னும் சிவப்பு இருந்தது. அது போகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சோறு வைத்தாள்.

தையில் கும்பாபிஷேகம் நடந்தது. மருந்து இடிக்க வாசுதேவநல்லூரிலிருந்து நயினார் ஆசாரி வந்தார். பிள்ளை வீட்டில் அந்தத் தொட்டியில் விதைநெல்லைக் கொட்டி மேலே பலகை போட்டு மூடினார்கள். நெல்லில் ஈரம் ஏறவில்லை.