பன்னிரண்டு மாதமும் ஒரே பாறை

பாலகுரு அண்ணனுக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. எங்கள் சிவகாசி அச்சகத்தில் காலண்டர் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் கலர் சரிசெய்பவர் அவர்தான். அம்மனின் மூக்குத்தியை ஜொலிக்க வைப்பார், நகைக்கடைக்காரரின் மருவை எடுப்பார். முதலாளி ஹரிஷ்குமாரின் அப்பாவுக்கு வழுக்கையில் முடி வளர்த்தவரும் அவரே. காலண்டர் தலையில் தகரப் பட்டை அடிக்கிற எனக்கு அவர்மேல் மரியாதையும் உண்டு, எரிச்சலும் உண்டு.

கார்த்திகையில் கீழக்கரைப் பக்கமிருந்து, கடற்பாசி எடுக்கும் பெண்களின் சங்கம் ஒன்று ஆர்டர் கொடுத்தது. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படம் அனுப்பியிருந்தார்கள். பன்னிரண்டிலும் ஒரே பாறை. சிலவற்றில் பாறையும் கடலும் பச்சைப்பசேல்.

"படம் எடுத்தவனுக்கு வேற எடமே கெடைக்கலையா? பூராம் பாசி. சுத்தம் பண்ணிக் குடுத்தா சந்தோசப்படுவாக, இசைவாணி" என்றார் அண்ணன்.

மூன்று நாள் உட்கார்ந்து ஒரு இணுக்கு விடாமல் துடைத்தார். கடலுக்கு நல்ல நீலம் கொடுத்தார். பாறை, கழுவி வைத்த அம்மிக்கல் மாதிரி ஆகிவிட்டது.

சாம்பிள் பார்க்கச் சங்கத் தலைவி மாரிச்செல்வி பஸ் ஏறி வந்தார். பன்னிரண்டு தாளையும் இரண்டு தடவை புரட்டினார்.

"எங்க பாசி எங்கண்ணே?"

"சுத்தமா எடுத்துட்டேம்மா." அண்ணன் முகத்தில் அப்படியொரு பெருமை.

"எங்க சங்கமே சேந்து எடுத்தாலும் இம்புட்டு எடுக்க மாட்டோமே!" என்று அந்தம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மழை முடிந்ததும் பாசி துளிர்க்குமாம். இளம்பச்சையாக இருக்கையில் தொடக்கூடாது, கரும்பச்சையானால் பறிக்கலாம், வெயில் ஏறினால் பாறை மொட்டை. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு அதைக் காட்டத்தான் காலண்டரே!

முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். "சாயங்காலத்துக்குள்ள அந்தப் பச்சை வரலைன்னா, நாளையில இருந்து இசைவாணி கூட ஒக்காந்து தகரம் அடிங்க."

தகரம் அடிப்பது அவ்வளவு மட்டமா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அண்ணன் முகம் வெளிறியதைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்த நாற்காலி அது.

பழைய படங்கள் அந்தம்மாவின் பென்டிரைவில் இருந்தன. அச்சில்தான் பச்சை சேரவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் "இது இல்லண்ணே" என்றார். கலர் பார்க்கவென்றே டிபன்பாக்ஸில் கடல்தண்ணீரோடு பாசி கொண்டுவந்திருந்தார். அண்ணன்தான், "எனக்குப் பச்சை தெரியாதாக்கும்" என்று திறக்கவே விடவில்லை.

நாலு மணிக்கு வீம்பு இறங்கியது. இளசையும் முற்றியதையும் தாளில் பக்கத்துப் பக்கத்தில் பரப்பி வைத்துக்கொண்டு கலரைச் சேர்த்தார். அறை முழுக்கக் கடல் நாற்றம்.

"இதேதாண்ணே!" என்றார் மாரிச்செல்வி. நாற்காலி தப்பியது.

மறுநாள் திருச்செந்தூர் முருகன் காலண்டர். அவசர ஆர்டர், மெஷின் காத்திருந்தது. முருகனுக்குப் பின்னால் நீலக்கடல். அண்ணன் மவுஸைத் தொடாமல் வெறித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பாத்துக்கிட்டே இருக்கீக?" என்று கத்தினார் முதலாளி.

"கஸ்டமருக்கு ஒரு போனைப் போடுங்க மொதலாளி. இது எந்த மாசத்துக் கடல்னு கேக்கணும்."

நான் என் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.