ஜமீன் உட்கார்ந்த சோபா

லாரி ஓட்டியே காலத்தைக் கழித்தவர் மாமனார். ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பெட்டி, கூடவே ஒரு வெள்ளை நாய். நாய்க்குப் பெயர் ஜமீன். பெயருக்கேற்றபடி, வந்த அன்றே கூடத்து நீல வெல்வெட் சோபாவைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டது.

மருமகளுக்கு ஜமீன் என்றால் உயிர். அவள் அம்மா வேறு ரகம். பிரசவம் நெருங்குகிறது, துணைக்கு வா என்று மகள் கூப்பிட்டதற்கு, "முடி பறக்கிற வீட்டுல நான் எங்கடி உட்கார்றது? ஒண்ணு நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று போனிலேயே வெட்டிவிட்டாள்.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மாமனார் பார்த்துவிட்டார்.

"அழாதம்மா. நாயும் இருக்கும், சம்பந்தியம்மாவும் இருப்பாங்க. வீட்டை நான் சுத்தம் பண்ணிடறேன். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு."

"மாமா, நீங்க துடைப்பத்தைத் தொட்டதே இல்லையே!"

"லாரிக்கே டயர் மாத்தினவன். சோபா என்ன, அதைவிடப் பெருசா?"

பெருசுதான் என்று சீக்கிரமே தெரிந்தது. துடைப்பத்தால் தட்டினார், முடி எழும்பி, கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி சோபாவிலேயே வந்து அமர்ந்தது. ஈரத்துணியால் தேய்த்தார், இன்னும் அப்பிக்கொண்டது. வேக்கம் கிளீனர் உறுமியதோடு சரி. திரைச்சீலையை உதறாமல் மெஷினில் போட்டதில், நனைந்த முடி துணியோடு பின்னிக்கொண்டு வந்தது. ஜமீன் மூலையில் படுத்துக் கொட்டாவி விட்டது.

"வேடிக்கையா பார்க்கிற? உனக்காகத்தாண்டா மல்லுக்கட்டுறேன்!"

நொந்துபோய், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையோடு வாளியைத் தூக்கினார். கால் தடுக்கியது. விழாமலிருக்க சோபாவில் கையை ஊன்றினார். ஈரக் கையுறை சர்ரென்று இழுத்துக்கொண்டு போனது. பார்த்தால், இழுத்த தடம் பளிச்சென்று நீலம்! அதன் முனையில் திரண்ட வெள்ளைச் சுருள்.

"அம்மாடி, இங்க ஓடி வா!"

அப்புறம் அவரைப் பிடிக்க ஆளில்லை. கையுறையை லேசாக நனைத்து, ஒரே பக்கமாக இழுத்து இழுத்து, சந்துபொந்தெல்லாம் வழித்தெடுத்தார். திரைச்சீலையைக் காயவைத்து, உதறி, வழித்து, பிறகே துவைத்தார். கடைசியில் ஜமீனை வாசலில் நிறுத்தி உச்சி முதல் வால் வரை சீவிவிட்டார்.

ஞாயிறன்று சம்பந்தியம்மா வந்தாள். உட்காரவில்லை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். தன் கறுப்புச் சால்வையைச் சோபாவில் விரித்து, அழுத்தித் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு முடி இல்லை.

"நாயை எங்கயாவது அனுப்பிட்டீங்களா?"

"அதோ வர்றாரு பாருங்க."

ஜமீன் வாலாட்டிக்கொண்டு உள்ளே வந்தது. அவள் நாயைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள்.

"ஆள் வச்சா செஞ்சீங்க, சம்பந்தி?"

அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "இந்த ஆள்தான்."

சம்பந்தியம்மா சாய்ந்து, நிறைவாக உட்கார்ந்தாள். "என் பையை உள்ள வைங்க. குழந்தை தவழ்ற வரைக்கும் இங்கதான்."

மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். மாமனார் பையைத் தூக்கிக்கொண்டார். பாரம் ஏற்றிய லாரியோடு மலையேறி இறங்கிய நாளில்கூட அவர் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை.