ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சபாத்

அந்தக் கண்ணாடிக் கதவை மின்சாரத்தைத் தொடாமல் திறப்பது எப்படி என்று சிரெலுக்குப் பிடிபடவில்லை. அட்டையைக் காட்டினால் திறக்கும். அட்டையைக் காட்டினால் எங்கோ ஒரு மின்சுற்று ஓடும். வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடியும் யூதர்களின் ஓய்வு நாளான சபாத்தில் அது கூடாது.

நியூ ஜெர்சியின் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் விடுதி வாசல் அது. சிரெலுக்கு அங்கே இயந்திரப் பொறியியலில் இடம் கிடைத்திருந்தது. நியூயார்க்கில் அக்கா ப்ளூமா படிக்கும் யூதப் பெண்கள் கல்லூரியிலும் கிடைத்திருந்தது. அங்கே தோரா எனும் வேத வகுப்பு உண்டு, அக்கா உண்டு, எல்லா அறைக்கும் சாதாரணப் பூட்டு உண்டு. பொறியியல் மட்டும் இல்லை.

அப்பா மெனாஷே அவசரப்படுகிறவர் அல்ல. அரசுப் பல்கலைக்கழகத்தின் யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் சமையலறையைப் போய்ப் பார்த்தார், சரி என்றார். வெள்ளிக்கிழமை மாலை கூடி ஜெபிக்கும் மாணவர்களைப் பார்த்தார், சரி என்றார். கடைசியில் கதவைப் பார்த்தார்.

"கரண்ட்டத் தொடாம, யாரையும் கேக்காம உன் ரூமுக்குள்ள போய் உக்காந்து காட்டு கண்ணு. இங்கயே சேத்துடறேன். முடியலன்னா அக்காகூடப் போயிடணும்."

நிஜமான சபாத்தில் காரோட்டி வந்து சோதிக்க முடியாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சபாத் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். அப்பா கறுப்புத் தொப்பி வைத்து, உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட குகல் தட்டோடு நடுவராக வந்தார். ப்ளூமா சபாத் உடையிலேயே வந்தாள்.

"வாசல்ல நின்னு 'ஐயோ, என்னா குளிரு'ன்னு புலம்பு. எவளாச்சும் திறப்பா" என்றாள் ப்ளூமா.

"ஜாடையாக் கேட்டாலும் கேட்டதுதான்" என்றார் நடுவர்.

"அப்ப வெள்ளிக்கிழமையே டேப் ஒட்டிடலாம்." ப்ளூமா கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, கதவுப் பூட்டின் நாக்கு வெளியே நீளாதபடி அழுத்தி ஒட்டினாள். கதவு சும்மா தள்ளினாலே திறந்தது. மூவரும் கைதட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் கதவு வீறிட்டு அலறியது. பூட்டாமல் விட்டால் அலறும்படி அதைச் செய்திருந்தார்கள். ப்ளூமா குகல் தட்டைத் தூக்கிக்கொண்டு புல்வெளியில் ஓடினாள்.

விடுதிப் பொறுப்பாளர் யோலாண்டா வந்தார். "என் கதவுக்கு யாரு பிளாஸ்திரி போட்டது?"

"மன்னிச்சுக்குங்கம்மா, இன்னிக்கு சபாத்" என்றார் அப்பா.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை சார்."

"ஒத்திகைங்க."

யோலாண்டா சிரித்த சிரிப்பில் அலாரமே அடங்கியதுபோல் இருந்தது. ஒரு துண்டு குகல் சாப்பிட்டுவிட்டு, "சரி, நானும் வரேன்" என்று மாடிக்கு அழைத்துப் போனார்.

அறைக்கதவிலும் அட்டைப் பூட்டுதான். சிரெல் குனிந்து பார்த்தாள். அட்டையைக் கண்டதும் உள்ளே ஒரு சின்ன மோட்டார் சுழலும். அது ஒரு முள்ளை நகர்த்தும். முள் மாட்டினால்தான் கைப்பிடி திருகும். மோட்டாருக்கு பேட்டரி வேண்டும். பேட்டரி என்று நினைத்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"மேடம், பேட்டரி செத்துட்டா? பொண்ணு வெளியவே நிக்கணுமா?"

யோலாண்டா கைப்பிடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் மூடியை நகத்தால் கழற்றினார். உள்ளே ஒரு சாவித் துவாரம்! "கேட்டா பொண்ணுக்கும் ஒரு சாவி குடுப்போம்" என்று தன் சாவியைப் போட்டுத் திருகினார். பேட்டரியும் மோட்டாரும் தூங்கிக்கொண்டிருக்க, சாவி ஒன்றே நாக்கை இழுத்தது. சிரெல் ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து குதித்தாள்.

"ரொம்பக் குதிக்காதடீ, வாசக்கதவு பாக்கி இருக்கு" என்றாள் ப்ளூமா.

வாசல் கதவிலும் சாவித் துவாரம் இருந்தது. கரண்ட் போனால் தீயணைப்புக்காரர்கள் வேறெப்படி வருவார்கள்? யோலாண்டாவின் சாவியால் சிரெல் திறந்தாள்.

"பச்சை லைட்டு எரியுது!" என்று கதவுகளுக்கான விளக்குப் பலகை இருந்த காவலாளி மேசையிலிருந்து ப்ளூமா கூவினாள். கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சுவிட்ச். எதைக்கொண்டு திறந்தாலும் விளக்கு எரியும்.

"லைட்ட ஏத்துனது நீதான் கண்ணு" என்றார் அப்பா. அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

சிரெல் மேசைக்குப் போய் விளக்குகளுக்குக் கீழே எழுதியிருந்த பெயர்களைப் படித்தாள். முன்வாசல், பின்வாசல், தோட்டவாசல். "எல்லாக் கதவும் இதுல இருக்கா மேடம்?"

"சைக்கிள் ரூம் இல்ல. அதுக்கு ஒயரே இழுக்கல."

நால்வரும் கட்டடத்தைச் சுற்றி ஓடினார்கள். சைக்கிள் அறைக் கதவில் ஐந்து உலோகப் பித்தான்கள். சரியான வரிசையில் அழுத்தினால் உள்ளே ஐந்து தகடுகளின் பள்ளங்களும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். அப்போது குமிழைத் திருகினால் நாக்கு பின்வாங்கும். வில்லும் தகடும், அவ்வளவுதான். யோலாண்டா எண்களைச் சொன்னார். டிக், டிக், டிக். திறந்தது. உள்ளே நேராக மாடிப்படி, நாள் முழுக்க எரிகிற விளக்கோடு.

"லைட்டு?" என்று அப்பா கத்தினார்.

"எரியல!" மேசைக்குத் திரும்ப ஓடிய ப்ளூமாவின் குரல் வந்தது.

அப்பா பித்தான்களில் காதை வைத்துக் கேட்டார். தானே அழுத்திப் பார்த்தார். தப்பாக அழுத்தினார், மறுபடி அழுத்தினார்.

"அப்பா, விடுங்க. சபாத்தே முடிஞ்சிரும்."

"இரு. ரூம் சாவிய எப்படிக் கொண்டாருவ? சபாத்ல தெருவுல பொருள் எதையும் சுமக்கக் கூடாதே?"

சிரெல் இதை யோசிக்கவே இல்லை. மூச்சிரைக்க வந்து நின்ற ப்ளூமா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் இடுப்புப் பட்டையை அவிழ்த்தாள். அதன் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்திருந்த கொக்கி, அவள் விடுதி அறையின் சாவி.

"பட்டைக்குச் சாவியே கொக்கி. அப்ப அது உடுப்புதான், சுமை இல்ல. எங்க காலேஜ்ல பாதிப் பேர் இப்படித்தான் போடுறோம்." தன் சாவியைக் கழற்றிக்கொண்டு பட்டையைத் தங்கை கையில் திணித்தாள். "வெச்சுக்கோ. என்கூட வருவன்னு நெனச்சேன் கழுத."

அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையாட்டினார். சிரெல் அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றியதில் இருவரும் சைக்கிள்களின் மேல் விழுந்தார்கள்.

பல்கலைக்கழகம் திறந்த அந்த இலையுதிர் காலத்திலிருந்து ஒவ்வொரு சபாத்திலும் சிரெல் சைக்கிள் அறைப் பித்தான்களை அழுத்தி விடுதிக்குள் நுழைந்தாள், படியேறினாள், இடுப்பில் கொக்கியாக மாட்டியிருந்த சாவியால் அறையைத் திறந்தாள்.