ரோட்டில் ஒரு நாற்காலி

சலூனின் முன்பாதிக்கு வீட்டில் வைத்த பெயர் ‘ரோடு’. சலூன்காரரின் மூத்த மகள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் நகராட்சி ஆள் ஒருவன் வந்து, தரையில் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனான். கடைத்தெருவை அகலப்படுத்தப் போகிறார்களாம். கோட்டுக்கு முன்னால் இருப்பதெல்லாம் ரோடாம். மகள் இப்போது காலேஜுக்குப் போகிறாள். ரோடுதான் இன்னும் வரவில்லை. அது வரும்வரை கோட்டுக்கு முன்னால் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கிடையாது.

தெரு முழுக்க இதே கதை. தாத்தா காலத்துக் கட்டடங்கள். செதுக்கிய தூண்கள், வளைந்த ஜன்னல்கள், எல்லாம் காரை உதிர்ந்து பல்லிளித்தன. இடிக்கப் போவதற்கு எவன் செலவழிப்பான்? வாடகைக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். இருக்கிறவர்கள் பின்பாதிக்கு மட்டும் வெள்ளையடித்தார்கள். பாதி ஷேவ் செய்து எழுப்பிவிட்ட மூஞ்சி மாதிரி ஒரு தெரு என்பார் சலூன்காரர்.

அவர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. மாலில் ஓர் இடம் பார்த்துவிட்டாள்.

“திங்கக்கிழமை அட்வான்ஸ் குடுக்கப் போறேன். இந்தக் கூரை என்னைக்கு எவன் தலையில விழுமோ. நீங்க வேணும்னா உங்க ரோட்டையே கட்டிக்கிட்டு அழுங்க.”

மாலில் பாட்டை அலறவிட்டுத்தான் முடி வெட்டுவார்கள். பேச்சில்லாமல் சலூன்காரருக்குக் கத்தரி ஓடாது. ஆனால் கூரை விஷயத்தில் அவள் சொன்னது நியாயம்.

சனிக்கிழமை கோட்டை அளக்க நகராட்சியின் புது இன்ஜினியர் வந்தார். மீட்டிங்குக்கு முன்னால் ஒரு ஷேவ் என்றார். பின்நாற்காலியில் பாத்திரக்கடைக்காரர் இருந்ததால் ரோட்டில்தான் இடம். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்குக் கத்தி போகும்போது, உள்ளங்கை அகலக் காரை ‘பொத்’தென்று இன்ஜினியர் மடியில் விழுந்தது.

“ஐயோ! என்னய்யா கூரை வெச்சிருக்க?”

“எங்க கூரை இல்ல சார். கோட்டுக்கு இந்தப் பக்கம் உங்க ரோடு.”

பாத்திரக்கடைக்காரர் குலுங்கிச் சிரித்ததில் துண்டு நழுவியது.

“ரிப்பேருக்கு மனு குடுக்க வேண்டியதுதானே?” என்றார் இன்ஜினியர்.

“குடுத்தோம். பரிசீலனையில இருக்காம்.” சலூன்காரர் கத்தியை மடக்கினார். “இந்தக் கன்னமும் பரிசீலனையில இருக்கட்டுமா சார்?”

இன்ஜினியர் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் முகம், ஒரு பக்கம் நுரை. அண்ணாந்து பார்த்தார். இன்னொரு காரைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“முதல்ல நாற்காலியப் பின்னால தள்ளு. ஆள் தலையில விழுறதைப் பூச எதுக்குய்யா பரிசீலனை? ஆபத்து ரிப்பேர்னு நானே எழுதித் தர்றேன். ஷேவை முடி.”

இத்தனை வருஷமும் நகராட்சி ஆள் தலைமேல் எதுவும் விழுந்ததில்லை. கோளாறு அதுதான்.

“சார், எங்க கடையில ஒழுகத்தான் செய்யுது. அதுக்கும் எழுதுவீங்களா?” என்றார் பாத்திரக்கடைக்காரர்.

“காரை விழுந்தாத்தான்.”

“அப்ப சாயங்காலத்துக்குள்ள விழும் சார். நான் பாத்துக்கறேன்.”

அன்று மாலை தெரு நெடுகப் ‘பொத், பொத்’தென்று காரை விழுந்தது.

திங்கட்கிழமை அட்வான்ஸ் பணம் சிமெண்டாக வந்து இறங்கியது. மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கலவையைக் கிளறினாள்.

“பூசுறீங்க, சரி. நாளைக்கே இடிச்சா?” என்றார் ஷேவுக்கு வந்த ஒருவர்.

“இடிக்கிறப்ப இடிக்கட்டும்ணே,” என்றாள். “அதுவரைக்கும் ரோடு நல்லா இருக்கட்டும்.”