காரை விட்டு இறங்காதவள்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். என்னிடம் படிப்பவர்கள் என்னை ‘பிரேக் டீச்சர்’ என்பார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பெயர் அது.

போன வருஷம் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். குடிக்காதவர்களுக்கும் இது வரும், உடம்பைக் குறைத்தால் சரியாகும் என்றும் சொன்னார். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். மற்றவர்களிடம், முக்கியமாக அண்ணியிடம், ‘லேசா சுகர்’ என்று சொல்லி வைத்தோம். அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா, எங்களுக்கு மேல் மாடியில் இருக்கிறார். அவருடைய புருஷன் குடித்துக் குடித்துக் கல்லீரல் கெட்டுத்தான் இறந்துபோனார். அதற்கப்புறம் அந்த வார்த்தையே எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது.

எனக்கும் அண்ணிக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. கொஞ்ச நாளாக என்னைப் பார்த்தால் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வார். காரணம் புரியவில்லை, கேட்கவும் தெம்பில்லை.

கல்லீரலை ஸ்கேன் எடுக்கும் அன்று வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். “பட்டினியோட நீ வண்டி எடுக்காதே” என்று வீட்டுக்காரர் அண்ணியைத் துணைக்கு அனுப்பிவிட்டார். மறுக்க வழியில்லை.

ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போது ஒரு சின்னப் பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு படிவம். “ஒரு ஆய்வுக்காகம்மா. உங்க அன்றாட வாழ்க்கை எப்படியிருக்குன்னு சில கேள்வி. நிரப்பி வைங்க, வந்து வாங்கிக்கறேன்” என்று கொடுத்துவிட்டுப் போனாள். பையைத் துழாவினேன். கண்ணாடியைக் காணோம்.

“குடு, நான் படிக்கிறேன்” என்று அண்ணி பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். தடுப்பதற்குள் தலைப்பைப் படித்துவிட்டார்.

“கொழுப்புக் கல்லீரல் நோய் உள்ளவர்களின்...”

அங்கேயே நிறுத்திவிட்டார்.

“நான் குடிக்கல அண்ணி” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா? டீயையே பாதியில வெச்சிட்டுப் போறவ நீ.” தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இரு, படிக்கிறேன். கடந்த இரண்டு வாரங்களில் எவ்வளவு அடிக்கடி அசதியாக இருந்தீர்கள்?”

“ஒருபோதும் இல்லைன்னு போடுங்க.”

பேனா நகரவில்லை. “தினம் சாயந்திரம் வாசல்ல காரை நிறுத்திட்டு உள்ளேயே உக்காந்திருக்கியே, அது என்ன?”

“பாத்தீங்களா?”

“மாடியிலேர்ந்து தெரியாதா? எங்க மூஞ்சில முழிக்கப் பிடிக்காமதான் நீ உக்காந்திருக்கேன்னு நினைச்சேன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “இறங்க முடியல அண்ணி. கதவைத் திறக்கக்கூடக் கை வராது. வாசல்படியைப் பாத்தா மலை மாதிரி இருக்கும்.”

அண்ணி ‘எப்போதும்’ என்ற கட்டத்தில் அழுத்தி டிக் போட்டார்.

அப்புறம் நான் எதையும் மறைக்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே கனக்கிறதா, தூக்கம் வருகிறதா, நோய் முற்றிவிடுமோ என்று பயமா, வெளியே சொல்லக் கூச்சமா. ஒவ்வொன்றையும் அண்ணி நிதானமாகப் படித்தார், நான் உள்ளதைச் சொன்னேன். கூச்சம் பற்றிய கேள்விக்கு மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். “என்னாலதானே?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசிக் கேள்வி முடிந்ததும் படிவத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார்: “அவரை யாரும் இப்படிக் கேக்கலம்மா. எவ்வளவு குடிச்சேன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. தூங்கினியா, பயமா இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல. நானும்தான்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் திரும்பி வந்து பார்த்துப் பதறினாள். “ஐயோ, நீங்களே நிரப்பணும்மா. சொந்தக்காரங்க பக்கத்துல இருந்தா யாரும் உண்மையைச் சொல்லமாட்டாங்க. புதுசு தரேன், படிக்க முடியலேன்னா நானே படிச்சுக் காட்டறேன்.”

“தாராளமா படி, ஆனா பதில் மாறாது. இவங்க இல்லாம இருந்திருந்தா எல்லாத்துக்கும் பொய்தான் சொல்லியிருப்பேன்” என்றேன். அவள் விதிப்படி என்னைத் தனியறைக்குக் கூட்டிப்போய் மறுபடி கேட்டாள். ஒரு பதில்கூட மாறவில்லை.

அன்று சாயந்திரம் வகுப்பு முடிந்து வாசலில் காரை நிறுத்தினேன். பக்கத்துக் கதவு திறந்தது. அண்ணி ஏறி உட்கார்ந்தார். “நீ கண்ணை மூடிக்கோ. தெம்பு வந்ததும் போலாம்” என்றார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். பிறகு உட்கார்ந்திருக்கும் நேரம் குறைந்தது. தெருமுனை வரை நடக்க ஆரம்பித்தோம், அப்புறம் பூங்கா வரை. இனிப்பை எங்கள் இரண்டு வீட்டிலிருந்தும் அவரே நாடு கடத்தினார். என் வீட்டுக்காரர் சர்க்கரை டப்பாவைத் தேடிக் களைத்துப் போனார். யாராவது என் உடம்பைப் பற்றிக் கேட்டால் அண்ணி முந்திக்கொண்டு, “கல்லீரல்ல கொழுப்பு. குடிச்சாதான் வரும்னு யார் சொன்னது?” என்பார். அந்தக் குரலுக்கு எதிர்க்கேள்வி கேட்க ஆள் பிறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். ஸ்கேனில் கொழுப்பு கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, இன்னும் பாடுபட வேண்டும் என்றார் டாக்டர். அதே பெண் அதே கேள்விகளைக் கேட்டு மார்க்கைக் கூட்டிப் பார்த்தாள். “அம்மா, இதுல மார்க் நல்லாவே ஏறியிருக்கு! ஏற ஏற அன்றாட வாழ்க்கை நல்லா இருக்குன்னு அர்த்தம்!” என்று அவள் முகமெல்லாம் சிரிப்பு, ஏதோ அவளுக்கே குணமான மாதிரி.

“நீ நல்லா இருக்கணும் தாயி” என்றேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நான் என்னம்மா பண்ணேன்? கேள்விதானே கேட்டேன்” என்று நெளிந்தாள்.

அது எங்கள் வீட்டில் என்னென்ன செய்தது என்று அவளுக்கு எப்படி விளக்குவது? அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். “என்ன சொன்னாங்க? நடந்துகிட்டே சொல்லு, உன்கூட சேந்து நானும் பட்டினி, பசி உயிர் போகுது” என்றார்.