நீரே வலி

“அப்பாவையே கூட்டிட்டு வந்திருக்கலாமே மேடம், போட்டுப் பாத்து எடுத்திருக்கலாம்,” என்றார் துணிக்கடைக்காரர், வெள்ளைச் சட்டையை மேசைமேல் விரித்தபடி.

“அவரால இன்னைக்கு வர முடியாது.”

பொய்யில்லை. அப்பா வீட்டுக் கூடத்தில் கட்டிலின்மேல் போர்வைக்குள் கிடந்தார். காலையில்தான் மூச்சு நின்றது. சாயங்காலம் அடக்கம்.

“கை மட்டும் நீளமா இருக்கணும். மணிக்கட்டு வரைக்கும் மூடணும்,” என்றாள்.

“விசேஷமா?”

அவள் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். தெருவில் நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்பாவிடம் முழுக்கைச் சட்டை ஒன்றுகூட இல்லை. ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவர். வேர்க்கும் என்று அரைக்கைதான் போடுவார். பிரச்சினை அந்த அரைக்கைக்குக் கீழே இருந்தது. சில வருஷங்களுக்கு முன் தொலைதூரச் சவாரி ஒன்றில், பாஷை தெரியாத ஏதோ ஊரில், இடது முன்கையின் உட்புறம் ஒரு சிலுவையும் அதன் கீழே இரண்டு சொற்களும் பச்சை குத்திக்கொண்டு வந்தார். ‘நீரே வழி’ என்று கர்த்தரிடம் சொல்ல நினைத்தார், பாவம். ஆனால் ழகரம் அவர் வாயில் ஒருநாளும் நுழைந்ததில்லை. வாயில் நுழையாதது கையிலும் வரவில்லை. துண்டுத்தாளில் அவரே எழுதிக் கொடுத்ததைத் தமிழ் தெரியாத பச்சை குத்துகிறவன் அச்சுப் பிசகாமல் குத்திவிட்டான்: நீரே வலி.

வேறு யார் வீட்டில் இது நடந்திருந்தாலும் போகிறது. அவளுக்கோ அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஊரார் பிழையெல்லாம் சிவப்பு மையில் அடித்துத் தள்ளுகிறவள். எப்போதாவது சரியான எழுத்தையே அவசரத்தில் அடித்துவிட்டால், அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்பாள். ‘இருக்கட்டும், கைவைக்காதே’ என்று அதற்கு அர்த்தம். அப்பேர்ப்பட்டவள் வீட்டில் ஒரு பிழை அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நடமாடியது. அப்பா மனசு கஷ்டப்படும் என்று வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் மட்டும் அவருக்கு இடப்பக்கமாக ஒட்டி உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் முந்தானையால் மறைத்துக்கொள்வாள்.

சபை மூப்பரான பெரியப்பாவுக்கு வேறு கவலை. “சரீரத்துல குத்திக்கக் கூடாதுன்னு வேதத்துலயே இருக்கு. போதகர் வர்றதுக்குள்ள மூடிடணும்,” என்று காலையிலிருந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். காரணம் வேறானாலும் இன்றைக்கு இருவரும் ஒரே கட்சி.

இருவருமாகச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். நோயில் இளைத்த கை, சட்டைக்கையினுள் குச்சியாகப் போயிற்று. மணிக்கட்டுப் பொத்தான்தான் புதுத் துளைக்குள் நுழைய மறுத்தது. அவள் விரல் வழுக்கி வழுக்கி ஒருவழியாக மாட்டினாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, “முழுக்கை போட்டா அவருக்கு வேர்க்கும்,” என்றாள்.

பெரியப்பா மறுபடியும் வாசலுக்குப் போனார்.

மூடியாகிவிட்டது, இனி நிம்மதி என்று நினைத்தாள். வரவில்லை. சமையலறைக்குப் போய்க் கழுவிய டம்ளர்களையே திரும்பக் கழுவினாள். நாற்காலிகளை நகர்த்தினாள், பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள்.

அப்போதுதான் சோடா வந்தார். அப்பாவோடு மாற்றி மாற்றி வண்டி ஓட்டியவர். கண்ணாடித் தடிமனுக்காக அப்பா வைத்த பெயர் அது. கட்டிலருகே குனிந்து, கொஞ்ச நேரம் எதையோ தேடுகிறவர்போல நின்றார். பிறகு அவளைத் தேடிச் சமையலறைக்கே வந்துவிட்டார்.

“அண்ணன் கைய ஏன் பாப்பா மூடிட்டீங்க?”

“எழுத்து தப்பு சித்தப்பா. வர்றவங்க எல்லாம் படிப்பாங்க.”

“தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.”

அவள் குழாயை மூடினாள்.

“பனியில மலைப்பாதையில மாட்டிக்கிட்டோம். முன்னால கை நீட்டினா கை தெரியல. அண்ணன் ஜெபம் பண்ணிக்கிட்டே உருட்டி உருட்டிக் கீழ கொண்டுவந்துட்டாரு. அந்த நன்றிக்குத்தான் குத்தினது. மறுநாளே டீசல் போடுற இடத்துல நம்மாளு ஒருத்தன் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். அன்னைக்குப் பூரா அண்ணன் என்கூடப் பேசல. திரும்பிப் போறப்ப சரி பண்ணிக்கலாம்னேன். ‘என் பொண்ணு பிழை திருத்துறவ, அவ பாத்துச் சொல்லட்டும்’னாரு.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“ஆமா. அடுத்த சவாரியில கேட்டேன். ‘பொண்ணே விட்டுட்டாடா, இருக்கட்டும்’னு சிரிச்சாரு.” சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போன வாரம் பாக்க வந்தேன்ல. மருந்து கேக்கல, துடிச்சுக்கிட்டு இருந்தாரு. அந்தக் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, ‘இப்பதான்டா இது சரியா இருக்கு’ன்னாரு.”

கடைசி நாட்களில் அப்பாவின் கட்டைவிரல் அந்த எழுத்தைத் தடவிக்கொண்டே இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அரிப்பு என்று நினைத்து எண்ணெய் தடவிவிட்டாள். அவரும் பேசாமல் கையை நீட்டினார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே அப்பாவின்மேல் கோபமும். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷன்.

வாசலில் கார் நின்றது. பெரியப்பா போதகரை வரவேற்கும் குரல் கேட்டது.

அவள் கூடத்துக்கு வந்து மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினாள். இந்தமுறை உடனே கழன்றது. சட்டைக்கையை மடிப்பு மடிப்பாக முழங்கைக்குமேல் ஏற்றினாள். அம்மா சற்று நகர்ந்து இடம் விட்டாள். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். குளிர்ந்த தோலில் மை பிடிக்கவில்லை. அழுத்தி, ‘வலி’க்கு அடியில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள்.

உள்ளே வந்த பெரியப்பா திறந்து கிடந்த கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு குனிந்தார்.

“என்னம்மா, மை வேற பட்டிருக்கு,” என்று கைக்குட்டையின் நுனியைச் சொம்புத் தண்ணீரில் நனைத்தார்.

“இருக்கட்டும் பெரியப்பா,” என்றாள்.

அவர் ஈரக் கைக்குட்டையோடு நின்றார். போதகர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கை நன்றாகத் தெரியும்படி அம்மா போர்வையின் விளிம்பைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள்.